சமத்துவத்துக்கு எதற்கு லாபக் கணக்கு?

என் மடிக்கணினியில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் ஒரு பி.பி.டி. இருக்கிறது. பதினான்கு ஸ்லைடுகள். 2022ஆம் ஆண்டு ஜூலையில் மூன்று இரவுகள் கண்விழித்துச் செய்தது. தலித்துகளை வேலைக்கு எடுத்தால் ஒரு கம்பெனிக்கு என்ன லாபம் என்பதை விளக்குவதுதான் அதன் வேலை. அதைச் செய்தவன் நான். நானும் ஒரு தலித்.

அப்போது ஓ.எம்.ஆரில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையில் டெஸ்டிங் லீடாக இருந்தேன். திண்டிவனம் பக்கத்தில் ஊர். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. முதல் பட்டதாரிச் சான்றிதழும் கல்விக் கடனும் இல்லாவிட்டால் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டேன். அலுவலகத்தில் 'டைவர்சிட்டி கவுன்சில்' என்று ஒன்றைத் தொடங்கியபோது ஆர்வமாகப் பெயர் கொடுத்தேன். அதில் பெண்களுக்கு ஒரு குழு, பால்புதுமையினருக்கு ஒரு குழு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு குழு, முன்னாள் படைவீரர்களுக்குக்கூட ஒரு குழு இருந்தது. தலைமையகத்தின் பட்டியலை அப்படியே சென்னையில் இறக்கி வைத்திருந்தார்கள். எங்கள் கிளையில் எனக்குத் தெரிந்த ஒரே முன்னாள் படைவீரர் வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன்தான். அவரும் கான்ட்ராக்ட் ஆள் என்பதால் அந்தக் குழுவில் சேர முடியாது.

சாதிக்கு மட்டும் குழு இல்லை. குழு வேண்டாம், பாகுபாட்டுக்கு எதிரான கொள்கையில் இனம், நிறம், மதம், பாலினம் என்று நீளும் வரிசையில் 'சாதி' என்ற ஒரு சொல்லையாவது சேர்க்கலாமே என்று இரண்டாவது கூட்டத்தில் கேட்டேன். ஹெச்.ஆர். தலைவர் முகம் சுளிக்கவில்லை. சிரித்தபடியே சொன்னார்: "நல்ல பாயின்ட். ஆனா லீடர்ஷிப்கிட்ட சும்மா போய் நிக்க முடியாது இல்லையா? ஒரு பிசினஸ் கேஸ் போட்டுக் கொண்டு வாங்க."

போட்டுக் கொண்டு போனேன். முதல் ஸ்லைடிலேயே மெக்கின்சி நிறுவனத்தின் 2015 அறிக்கை. இனப் பன்மைத்துவத்தில் முதல் கால்பங்கில் இருக்கும் கம்பெனிகள், தங்கள் துறையின் சராசரியைவிட அதிக வருவாய் ஈட்டும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடுதல் என்று சொன்ன அறிக்கை அது. உலகம் முழுக்க டைவர்சிட்டி பேசியவர்கள் எல்லோரும் தூக்கிக் காட்டிய எண்.

ஒன்பதாவது ஸ்லைடைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. "கிராமப்புற, முதல் தலைமுறை ஊழியர்கள் அவ்வளவு எளிதில் வேலையை விட மாட்டார்கள். ஆட்களைத் தக்கவைக்கும் செலவு குறையும்" என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. நாங்கள் எளிதில் விட மாட்டோம்தான். கல்விக் கடன் தவணை இருக்கிறது. தங்கை கல்யாணம் இருக்கிறது. ஊரில் பாதியில் நிற்கும் வீடு இருக்கிறது. இரண்டு மாதம் சம்பளம் இல்லாவிட்டால் கைதூக்கிவிட மாமாவோ பெரியப்பாவோ கிடையாது. மேனேஜர் என்ன பேசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தக் கையறு நிலையைத்தான் நான் கம்பெனிக்கு ஆதாயம் என்று படம் போட்டு விற்கப் போயிருந்தேன்.

அதற்கும் பதில் கிடைத்தது. "எல்லாம் சரி. ஆனா நம்மகிட்ட டேட்டா இல்லையே? நாம யார்கிட்டயும் சாதி கேக்கறதில்ல. கேக்காததுதான் நம்ம வேல்யூ."

கேட்பதில்லையா? சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிடுவார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதைக் கைவிட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்ட மாநிலம் இது. அதனால் இங்கே பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். வேறு கேள்விகள் இருக்கின்றன. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" "கவுன்சிலிங்ல கட்-ஆஃப் எவ்வளவு?" "வீட்ல வெஜ்ஜா?" பாராட்டுவதுபோல முதுகில் தட்டி, சட்டைக்குள் பூணூல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் கேள்வியும் ஒன்று உண்டு. அதற்கு வாயே தேவையில்லை. இத்தனை கேள்விகளும் எந்தப் படிவத்திலும் ஏறாது. படிவத்தில் ஏறாததால் 'டேட்டா' இல்லை. டேட்டா இல்லாததால் பிரச்சினையே இல்லை.

டேட்டா இல்லை என்பதும் உண்மையில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி, ஆயிரக்கணக்கில் அனுப்பிப் பார்த்தார்கள். ஆதிக்கச் சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால் தலித் பெயருக்கு ஏறக்குறைய 67, முஸ்லிம் பெயருக்கு 33. ஒரே படிப்பு, ஒரே அனுபவம். இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியான இன்னொரு ஆய்வு, இயக்குநர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் முற்பட்ட சாதியினர் என்றது. பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்து 4 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. தகுதி, திறமை என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் கூடி உட்காரும் அறையின் நிலவரம் இது.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது இந்த எண்களைப் பற்றி அல்ல. அந்த ஹெச்.ஆர். தலைவர் என்னிடம் டேட்டா கேட்டது தவறு என்பதுகூட அல்ல. அவர் கேட்டவுடன் நான் லாபக் கணக்கு போட உட்கார்ந்தேனே, அதுதான் தவறு என்கிறேன்.

1927இல் மகத் நகரத்தின் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்த அம்பேத்கர், எங்களை அனுமதித்தால் நகராட்சிக்கு வரி வருமானம் கூடும் என்று வாதிடவில்லை. வைக்கம் கோயில் தெருக்களில் நடக்கப் போராடியவர்கள், தெருவைத் திறந்துவிட்டால் கடைத்தெரு வியாபாரம் பெருகும் என்று துண்டறிக்கை போடவில்லை. நடப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் போராட்டங்களின் மையம். காரணம் சொல்ல வேண்டியவன் தடுப்பவன். நூறு ஆண்டுகள் கழித்து, குளிரூட்டிய அறையில் புரொஜெக்டர் போட்டு, நான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, எப்படிக் கேட்டால் என்ன? கம்பெனிக்காரனுக்குப் புரியும் பாஷையில் கேட்டு நாலு பேருக்கு வேலை கிடைத்தால் நல்லதுதானே?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று காரணங்களால் இப்போது அப்படி நினைக்கவில்லை.

முதல் காரணம், அந்தக் கணக்கே உறுதியானது இல்லை. மெக்கின்சி சொன்ன தொடர்பை எஸ் அண்டு பி 500 பட்டியலில் உள்ள அமெரிக்க நிறுவனங்களில் ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் சரிபார்த்தார்கள். 2024இல் வெளியான அவர்களின் கட்டுரை, குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை என்றது. இப்போது என்ன செய்வது? லாபம் வரும் என்பதற்காக உள்ளே விட்டவர்கள், லாபம் நிரூபணமாகவில்லை என்றதும் வெளியே போகச் சொல்லலாமா? ஒடுக்கியவர்களிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்டதே இல்லை. அந்த 1000 நிறுவனங்களின் இயக்குநர் அறையில் ஒரு சில சாதியினர் மட்டும் உட்கார்ந்திருப்பதற்கு என்ன பிசினஸ் கேஸ்? அதற்கு எத்தனை ஸ்லைடு போட்டார்கள்?

இரண்டாவது காரணம், இந்த மொழி நம் ஆட்களையே காயப்படுத்துகிறது. ஓரியான் ஜார்ஜியாக், அனீட்டா ரத்தன் ஆகியோரின் 2022 ஆய்வு, அமெரிக்காவின் 'பார்ச்சூன் 500' நிறுவனங்கள் பன்மைத்துவத்துக்கு என்ன காரணம் சொல்கின்றன என்று பார்த்தது. சுமார் 80 விழுக்காடு நிறுவனங்கள் வியாபாரக் காரணம் சொல்லின. அது நியாயம் என்பதற்காகச் செய்கிறோம் என்றவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. வியாபாரக் காரணத்தைப் படித்த பால்புதுமையினரும் பெண்களும் கறுப்பின மாணவர்களும், நாம் இங்கே ஒட்ட மாட்டோம் என்றே உணர்ந்தார்கள். இதற்கு ஆய்வுகூட வேண்டியதில்லை. உன்னால் எங்களுக்கு ஆதாயம், அதனால்தான் கூப்பிட்டோம் என்று ஒரு வீட்டில் சொன்னால் அங்கே போய்ச் சாப்பிடுவீர்களா?

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. விலை மாறினால் விழுமியமும் மாறிவிடும். இதை நாம் கண்முன்னே பார்த்தோம். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது அமெரிக்கப் பெருநிறுவனங்கள் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்தன. 2024 நவம்பரில் வால்மார்ட் பின்வாங்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் பதவிக்கு வந்து டைவர்சிட்டி திட்டங்களுக்கு எதிராக ஆணைகள் போட்டார். 1965இல் ஜான்சன் போட்ட, அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் பாகுபாடின்றி ஆளெடுக்க வேண்டும் என்ற ஆணையையே ரத்து செய்தார். அதே மாதம் மெட்டாவும் டார்கெட்டும் தங்கள் திட்டங்களைக் கைவிட்டன. பிப்ரவரியில் கூகுள் தன் ஆளெடுப்பு இலக்கைக் கைகழுவியது. கோஸ்ட்கோ போல எதிர்த்து நின்றவையும் உண்டு. ஆனால் நின்றவற்றை விரல் விட்டு எண்ணும்படியாகத்தான் இருந்தது. நேற்று வரை உயிர்மூச்சு என்று சொன்ன விழுமியங்களை ஒரு காலாண்டுக்குள் இறக்கி வைக்க முடிந்தது. ஏனென்றால் அவை விழுமியங்கள் அல்ல, முதலீடுகள். முதலீட்டை நஷ்டம் வரும்போது யாரும் எடுத்துவிடுவார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு வேலைக் கதவைத் திறந்ததும் இந்த லாபக் கணக்கு இல்லை. 1941இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பேரணி வருவோம் என்று மிரட்டிய பிறகுதான் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஆணையை ரூஸ்வெல்ட் போட்டார். 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. எண்பதுகளில் ரீகன் அரசு அந்தச் சட்ட அமலாக்கத்தைத் தளர்த்தியபோதுதான், நிறுவனங்களுக்குள் இருந்த அதிகாரிகள் தங்கள் துறையைக் காப்பாற்றிக்கொள்ள 'இது சட்டத்துக்காக இல்லை, வியாபாரத்துக்காக' என்று பேசத் தொடங்கினார்கள். 1987இல் ஹட்சன் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட 'வொர்க்ஃபோர்ஸ் 2000' அறிக்கை அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆக, லாபக் கணக்கு பிறந்ததே உரிமை பலவீனமான இடத்தில்தான். நாம் அதை முன்னேற்றம் என்று இறக்குமதி செய்துகொண்டோம்.

இந்தியாவில் கதை இன்னும் சுருக்கம். 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் தனியார் துறை இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சுவார்த்தை நடத்துவோம் என்றது. தொழிலதிபர் சங்கங்கள் பதறின. சட்டம் வேண்டாம், நாங்களாகவே செய்கிறோம் என்று சொல்லித் தன்னார்வ நடத்தை விதிகளை எழுதிக்கொண்டன. இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் செபிக்கு ஒரு பொறுப்புடைமை அறிக்கை தர வேண்டும். ஊழியர்களில் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று அந்தப் படிவம் கேட்கிறது. கேட்க வேண்டியதுதான். பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

எங்கே சட்டம் கேட்டதோ அங்கே பிசினஸ் கேஸ் யாரும் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் வந்ததும் எங்கள் அலுவலகத்தில் உள் புகார்க் குழு வந்தது. அதனால் என்ன லாபம் என்று யாரும் ஸ்லைடு கேட்கவில்லை. அதே ஆண்டு வந்த கம்பெனிகள் சட்டத்தின் 149ஆவது பிரிவு, பங்குச் சந்தை நிறுவனங்களின் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. உட்கார வைத்தார்கள். சிலர் மனைவியையும் மகளையும் உட்கார வைத்துத் தப்பித்தார்கள் என்பது வேறு கதை.

கொள்கையில் ஒரு சொல் இருப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் சிஸ்கோ வழக்கைப் படிக்க வேண்டும். தலித் பொறியாளர் ஒருவர் ஆதிக்கச் சாதி மேலாளர்கள்மீது புகார் கொடுத்தபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் இல்லை என்று நிறுவனத்தின் ஊழியர் நலப் பிரிவு சொன்னதாகக் கலிஃபோர்னியா அரசுத் துறை 2020இல் தாக்கல் செய்த மனு கூறியது. சிஸ்கோ குற்றச்சாட்டை மறுத்தது. மேலாளர்கள் இருவர்மீதான வழக்கை அந்தத் துறை 2023இல் கைவிட்டது. ஆனால் அந்த வழக்குக்குப் பிறகுதான் ஆப்பிள் தன் நடத்தைக் கொள்கையில் சாதியை வெளிப்படையாகச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் இதேபோன்ற மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். எங்கெல்லாம் கொஞ்சம் நகர்ந்ததோ, அங்கெல்லாம் நகர்த்தியது வழக்கும் போராட்டமும்தான். எந்தக் கம்பெனியின் இதயமும் தானாக இளகவில்லை.

அப்படியானால் எதைக் கேட்பது? எண்ணிக்கையைக் கேட்போம். இது நமக்குப் புதிய பாடம் இல்லை. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை, அரசுப் பதவிகளில் யார் எத்தனை பேர் என்று எண்களை எடுத்து வைத்துத்தான் பேசியது. 1928இல் முத்தையா முதலியார் கொண்டுவந்த வகுப்புவாரி உரிமை ஆணை அந்த எண்களின் தொடர்ச்சி. அலுவலகத்தில் உற்பத்தித்திறன் பெருகும் என்று அவர்கள் ஆசை காட்டவில்லை. இத்தனை பேர் இருக்கிறோம், இத்தனை இடம் எங்கே என்று கேட்டார்கள்.

தனியார் துறையில் இது நடக்காது என்பவர்களுக்கு வட அயர்லாந்தைக் காட்டலாம். அங்கே கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல வேலைகளிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். 1989இல் நியாயமான வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. ஊழியர்களில் புராட்டஸ்டண்டுகள் எத்தனை, கத்தோலிக்கர்கள் எத்தனை என்று தனியார் நிறுவனங்களும் ஆண்டுதோறும் அரசு ஆணையத்துக்குக் கணக்கு கொடுத்தாக வேண்டும். இன்று பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் எல்லாம் அதில் அடக்கம். 1990இல் கணக்கில் வந்த ஊழியர்களில் கத்தோலிக்கர்கள் சுமார் 35 விழுக்காடு. இன்று ஏறக்குறையப் பாதி. மக்கள்தொகை மாற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எண்ணினால் பிரிவினை வளரும் என்று சொன்னவர்களின் பயம் பலிக்கவில்லை. எண்ணாமல் இருந்த காலத்தில்தான் பிரிவினை பத்திரமாக இருந்தது.

சாதியைச் சொல்வதில் ஆபத்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எட்டு வருடம் சொல்லாமல் இருந்தவன் நான். அதனால்தான் இந்தக் கணக்கை மேனேஜரோ ஹெச்.ஆரோ எடுக்கக் கூடாது. சட்டப்படி அமைந்த ஒரு வெளி ஆணையம், பெயர் இல்லாமல், பதவி வாரியாக எடுக்க வேண்டும். தகவலைக் கசியவிடுபவருக்குத் தண்டனை வேண்டும்.

பதவி வாரியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் எங்கள் கட்டடத்தில் பன்மைத்துவம் இல்லாமல் இல்லை. ரிலீஸ் இரவுகள் முடிந்து காலை ஆறு மணிக்கு லிப்டில் இறங்கும்போது, எதிரில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் ஏறுவார்கள். கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் வருபவர்கள். நகரத்துக்குள் இருந்த குடிசைகளைப் பிடுங்கி நகரத்துக்கு வெளியே போட்டபோது வந்து விழுந்த குடும்பங்கள். வேறு நிற அடையாள அட்டை. சாப்பிட கேண்டீன் கிடையாது, தீ விபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் ஓர் அக்காவிடம் ஊர் கேட்டேன். திண்டிவனம் பக்கம்தான். "எங்க ஊர்ப் புள்ள கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறத பாக்க நல்லாருக்குப்பா" என்றார். என் பதினான்கு ஸ்லைடில் அவர் இல்லை. அவரைக் குறைந்த கூலிக்கு வைத்திருப்பதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது என்பதால், லாபக் கணக்கில் அவருக்காகப் பேச எனக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

2025இல் அந்த நிறுவனம் டைவர்சிட்டி கவுன்சிலின் பெயரை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் அதற்கு முன்பே வேறு இடத்துக்கு வந்துவிட்டேன். போன மாதம் என் கல்லூரி ஜூனியர் ஒருவன் போன் செய்தான். "அண்ணா, அந்த பி.பி.டி. வச்சிருக்கீங்களா? எங்க ஆபீஸ்லயும் பிசினஸ் கேஸ் கேக்குறாங்க."

அனுப்பவில்லை. பதிலாக நான்கு கேள்விகளை எழுதி அனுப்பினேன். நம் கொள்கையில் சாதி என்ற சொல் இருக்கிறதா? போன வருடம் எடுத்த ஆட்களில் எத்தனை பேர் ரெஃபரலில் வந்தவர்கள், அவர்களை ரெஃபர் செய்தவர்கள் யார்? ஒவ்வொரு பதவி நிலையிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று வெளியாளை வைத்து எண்ணச் சம்மதமா? கான்ட்ராக்ட் ஊழியர்கள் புகார் கொடுக்க இடம் உண்டா?

"இதுக்கு என்ன பிசினஸ் கேஸ்னு கேட்டா என்னண்ணா சொல்றது?" என்றான்.

"இப்ப இருக்கற நிலைமைக்கு என்ன பிசினஸ் கேஸ்னு திருப்பிக் கேளு தம்பி. ஆனா தனியா கேக்காத. குறைஞ்சது பத்துப் பேரா போய்க் கேளு" என்றேன்.